பேச்சில் பிறக்கும் பாத்திரம்



அசைவூட்டக் கதைக்குச் சொந்தப் பாத்திரங்களைப் படைப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். மாணவர்கள் பென்சிலை எடுத்தவுடன் கண்ணையும் மூக்கையும் வரையத் தொடங்குகின்றனர். வரைந்து முடித்தால் அது பெரும்பாலும் திரையில் ஏற்கெனவே கண்ட முகமாகவே இருக்கிறது. ஆகவே, வரையும் முன் அப்பாத்திரத்தைப் பேசவிட்டுக் கேளுங்கள் என்கிறோம்.

சங்க அகப்பாடல்களில் தலைவிக்கோ தோழிக்கோ செவிலிக்கோ இயற்பெயர் இல்லை. ஆயினும் இது தோழி கூற்று, இது செவிலி கூற்று என்று நாம் பிரித்தறிகிறோம். யாரிடம், எந்நிலையில், என்ன சொல்கிறார் என்பதே ஆளைக் காட்டிவிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கு என வகுக்கிறது. அசைவூட்டம் பயிலும் மாணவருக்கு இதனினும் நல்ல பயிற்சித் தாள் வேண்டுமோ?

மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமான 'ஹிக்காயாத் சாங் கன்சில்' 1983இல் வெளிவந்தது. அதனை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். அதன் நாயகனான சருகுமான் மலாய்ப் பழங்கதையில் முன்பே வாழ்ந்தவன். 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜு என்னும் நம் சிறுவனும் இருக்கிறான். பிள்ளைகள் அவனை விரும்புகின்றனர். ஆனால் அவன் பேசுவது மலாய். வீட்டில் அவன் தன் பாட்டியிடம் எப்படிப் பேசுவான் என்பதை நாம்தான் எழுதவேண்டும்.

குளுவாங்கிலேயே தொடங்கலாம். இவ்வூர்ப் பெயர் 'கெலுவாங்' என்னும் பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. அதனையே பாத்திரமாக்குவோம். தலைகீழாகத் தொங்கும் வௌவால் அழுதால் கண்ணீர் நெற்றிக்கன்றோ ஓடும்? பள்ளி மணி அடிக்கையில் அதற்கு உறக்கம் வரும். அது அமர்ந்த மரம் வெட்டப்பட்டால் கதை தானே பிறக்கும். இவை எவரிடமிருந்தும் இரவல் பெற்றவையல்ல. அவ்வுயிரின் இயல்பிலிருந்தே கிடைத்தவை.

இனி எம் தவறொன்றைச் சொல்கிறோம். ஒருமுறை மாணவி ஒருத்தி எழுதிய கதையில், தோட்டத்துப் பாட்டி பேத்தியிடம் பால்மரம், லயம், கங்காணி என்று பேச்சுவழக்கில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே மலாய்ச் சொற்களும் வந்தன. நாம் சிவப்பு மையால் அனைத்தையும் செந்தமிழாக்கினோம். அவள் தாளைப் பார்த்துவிட்டு, "ஐயா, எங்க பாட்டி இப்படிப் பேசமாட்டாங்க" என்றாள். பிழையின்றித் திருத்தினோம், பாட்டியைக் காணாமற்போக்கினோம்.

தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்து இலக்கணம் செய்தார் எனப் பாயிரம் கூறுகிறது. வழக்கைப் பிழையென ஒதுக்கும் உரிமை நமக்கு ஏது? கதைகூறுவோன் எழுத்துத் தமிழில் பேசட்டும். பாட்டி பாட்டியின் தமிழிலேயே பேசட்டும். இரண்டையும் பிரித்துக் கையாளத் தெரிந்த மாணவரே மொழியை உண்மையாகக் கற்றவர்.

ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் வரைதாளுக்கு முன் ஒரு வீட்டுப்பாடம் தாருங்கள். வீட்டு மூத்தவர் ஒருவர் பேசும் பத்து வாக்கியங்களைக் கேட்டு, மாற்றாமல் எழுதிவரச் சொல்லுங்கள். அப்பத்து வாக்கியங்களுக்குள் ஒரு பாத்திரம் காத்திருக்கும். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை மெல்லக் குறைந்துவருகிறது. கேட்கவேண்டிய காலம் இதுவே.