கண்ணாடி அரசர்கள்

பள்ளிகளில் பொம்மலாட்டம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒருமுறை, ராஜா தீர்ப்புச் சொல்லும் நேரம் பார்த்துக் கைக்கயிறு அறுந்துவிட்டது. ஓங்கிய கை தொங்கிப்போயிற்று. முன்வரிசையில் ஒரு சிறுமி சத்தமாகச் சொன்னாள்: "ராஜாவை மேலே யாரோ விட்டுட்டாங்க!"

எகிப்துக் கலைஞர் வாயெல் ஷவ்கியின் படங்களைப் பார்த்தபோது அவள் குரல்தான் காதில் கேட்டது. சிலுவைப் போர்களை முழுக்க முழுக்கப் பொம்மைகளை வைத்தே 2010, 2012, 2015 என மூன்று படங்களாக எடுத்திருக்கிறார். பெயர் 'கேபரே குரூசேட்ஸ்'. போரை அரபுகளின் பக்கமிருந்து சொல்லும் அமீன் மாலூஃபின் 1983ஆம் ஆண்டு நூல்தான் இதற்குத் தூண்டுதல். அதனால் போப்பாண்டவரே இலக்கண சுத்தமாக அரபி பேசுகிறார். சிரிக்காதீர்கள், நம் படங்களில் வெள்ளைக்காரத் துரை தமிழில் மிரட்டவில்லையா?

கயிறுகளை அவர் மறைக்கவே இல்லை. நாங்களெல்லாம் கறுப்புத் துணி கட்டி மறைக்கப் பாடுபடுவோம். அவரோ பளிச்சென்று காட்டுகிறார். தளபதி கர்ஜிக்கும்போதும் தலைக்கு மேலே கயிறு ஆடுகிறது.

முதல் படத்தில் இத்தாலியின் டூரின் நகரத்துப் பழைய மரப்பொம்மைகள். 1099இல் ஜெருசலேம் வீழ்வது வரை அவைதான் நடிக்கின்றன. அடுத்ததில் சுட்ட களிமண் பொம்மைகள். அவற்றைத் தாண்டி மூன்றாவதற்கு வந்துவிடுகிறேன், எனக்கு அதன்மேல்தான் ஆசை. எல்லாம் கண்ணாடி! வெனிஸை ஒட்டிய முரானோத் தீவில் செய்தவை. பாதி மனிதர், பாதி விலங்கு போன்ற முகங்கள். ஒரு பொம்மையைக் கீழே போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

ஏன் வெனிஸ் கண்ணாடி? நான்காம் சிலுவைப் போருக்குக் கப்பல் கட்டித் தந்தது வெனிஸ்தான். பேசிய தொகை 85,000 வெள்ளி மார்க். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் சேரவில்லை, கடனை அடைக்க முடியவில்லை. எகிப்தைத் தாக்கப் புறப்பட்ட படை, வழியெல்லாம் வேறு வேறு பேரங்களில் சிக்கி, 1204இல் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியது. கிறிஸ்தவர் படை, கிறிஸ்தவர் நகரம்! அந்த எகிப்திலிருந்து ஒருவர் வந்து, வெனிஸ்காரர் ஊதிய கண்ணாடியிலேயே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஒலிபரப்பு அறையிலும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாயிற்று என்று கை காட்டுகிறார்கள். அந்தச் சிறுமி இப்போது கல்லூரிக்குப் போயிருப்பாள். எங்கேயாவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மா, மூன்றாவது படத்தை எப்படியாவது தேடிப் பார்த்துவிடு.