புள்ளி மறைந்தாலும் நோய் போகவில்லை

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பல பள்ளிகளில் இன்று ஒரு மீன் தொட்டி இருக்கிறது. புதிய மீன்கள் வந்த சில நாட்களில், அவற்றின் துடுப்புகளில் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மீன்கள் கல்லில் உடலை உரசும். மூச்சுக்குத் தவித்து மேலே வரும். இதுவே வெள்ளைப்புள்ளி நோய். இறால் பண்ணைகளில் இதே பெயரில் சொல்லப்படும் நோய் வைரஸால் வருவது, அது வேறு.

இந்நோய்க்குக் காரணம் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒருசெல் உயிரி. 'பல பிள்ளைகள் பெறும் மீன் பேன்' என்பது பெயரின் பொருள். நம் பாடநூலில் வரும் பாரமீசியத்தைப் போலவே குறு இழைகளால் நீந்துவது. அதன் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் மூன்று கட்டங்களாக வரையலாம்.

முதல் கட்டத்தில் அது மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் புதைந்து உண்டு வளர்கிறது. நாம் காணும் புள்ளி இதுதான். இரண்டாம் கட்டத்தில் மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, உறை கட்டி, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. மூன்றாம் கட்டத்தில் குஞ்சுகள் உறையை உடைத்து நீந்தி மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் இறந்துவிடும். தண்ணீர் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு வாரம். குளிர்ந்த நீரில் பல வாரங்கள்கூட ஆகும்.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. தோலுக்குள்ளும் உறைக்குள்ளும் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. நீந்தும் கட்டத்தில் மட்டுமே எட்டும். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் "சரியாகிவிட்டது சார்!" என்று மாணவர்கள் மகிழ்வார்கள். உண்மையில் ஒட்டுண்ணி அடித்தரையில் பெருகிக்கொண்டிருக்கும். அன்று நிறுத்தினால் அடுத்த வாரம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். ஆகவே இரண்டு வாரமாவது சிகிச்சை தொடர வேண்டும்.

வகுப்பறைக்கு ஏற்றது கல் உப்பு. லிட்டருக்கு 2 கிராம் போதும். 40 லிட்டர் தொட்டிக்கு 80 கிராம். அதைக் கரைத்து, இரண்டு நாளில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். உப்பு ஆவியாகாது என்பதால், 10 லிட்டர் நீரை மாற்றினால் 20 கிராம் மட்டுமே திரும்பச் சேர்க்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு இது நல்ல கணக்கு! கெளுத்தி வகைகளுக்கும் நீர்ச்செடிகளுக்கும் உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். அவற்றோடு ஒட்டுண்ணியும் போகக்கூடும் என்பதால், அந்தத் தொட்டியில் நல்ல மீன்கள் இருக்கக் கூடாது.

கப்பி, மோலி போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு ஹீட்டரால் நீரை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு உயர்த்தலாம். சுழற்சி விரைந்து முடியும். பெருக்கமும் பெரும்பாலும் தடைபடும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். காற்று மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். மாலகைட் கிரீன் போன்ற நச்சுச் சாயங்களைப் பள்ளியில் தவிர்ப்பதே நல்லது.

ஓர் எச்சரிக்கை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் வெண்ணிறச் சிறு புள்ளிகள் வரிசையாக வரும். அது நோயன்று. உற்றுப் பார்த்த பிறகே உப்பை எடுக்கச் சொல்லுங்கள்.

கொளத்தூரிலிருந்து வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், புதிய மீனை இரண்டு முதல் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். அதற்குத் தனி வலை வேண்டும். ஈர வலையிலும் நோய் பரவும். இந்த ஒட்டுண்ணி மனிதரைத் தொற்றாது. இருந்தாலும் தொட்டியில் கைவிட்ட குழந்தைகள் சோப்பால் கழுவட்டும்.

சுவரில் ஓர் அட்டவணை ஒட்டுங்கள்: தேதி, வெப்பநிலை, எந்த மீனில் எத்தனை புள்ளி. புள்ளி பூஜ்ஜியமான பிறகும் அட்டவணை ஓடட்டும். "இன்னும் ஏன் சார் எழுதுகிறோம்?" என்று ஒரு மாணவர் கேட்பார். மூன்று கட்டப் படத்தைக் காட்டி, விடையை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.