டிவியை அளப்பதற்கு முன் வீட்டை அளங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, சந்தா பாக்கி எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் சொன்னது இதுதான்: "சார், நம்ம குரூப்புல வாரம் ஒருத்தர் எந்த டிவி வாங்கலாம்னு கேக்கறாங்க. நீங்க பட்ட பாட்டைச் சொன்னா நாலு பேருக்குப் பயன்படும்." நான் டிவி மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் பட்டது உண்மை. அதனால் பேசுகிறேன்.

என் அம்மாவிடம் ஒரு 14 இன்ச் கலர் டிவி இருந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்ததே, அதுதான். ஊரிலிருந்து இங்கே வந்தபோது அதையும் கூடவே கொண்டு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அது நின்றுவிட்டது. புது டிவிக்கு 16,000 ரூபாய் ஒதுக்கினேன். பென்ஷனில் சேர்த்த பணம். பஸ் ஏறி சேலம் போனேன். கடையில் வரிசையாக டிவி ஓடிக்கொண்டிருந்தது. கடல், கிளி, பழம் என்று கண்ணைப் பறிக்கிற படங்கள். திரும்பி வரும்போது என் பெயரில் 43 இன்ச் 4கே டிவி ஒன்று பில் ஆகியிருந்தது. விலை 27,000. மீதி 11,000-க்குத் தவணை.

மறுநாள் மாட்டினார்கள். அம்மா பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏஞ்சாமி, பழைய டிவில மொகமெல்லாம் தெளிவா தெரிஞ்சுது. இதுல என்னமோ சாணித்தாள்ல அச்சடிச்ச மாதிரி இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உட்கார்ந்து பார்த்தால், அம்மா சொன்னதுதான் சரி.

ஏன் அப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்கிறேன். டிவி படம் என்பது புள்ளிகளால் ஆனது. நாம் காலங்காலமாகப் பார்க்கிற சாதாரணச் சேனல், அதாவது எஸ்.டி., அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 புள்ளி. பெருக்கினால் சுமார் 4 லட்சம். ஹெச்.டி. ரெடி என்று விற்கிற டிவியில் 1366-க்கு 768, சுமார் பத்தரை லட்சம். ஃபுல் ஹெச்.டி. என்றால் 1920-க்கு 1080, ஏறக்குறைய 21 லட்சம். 4கே என்றால் 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். என் வீட்டில் நடந்தது என்ன? கேபிளில் வந்தது 4 லட்சம் புள்ளி. டிவி அதை 83 லட்சமாக நீட்ட வேண்டியிருந்தது. ஒரு புள்ளியை இருபதாக்கினால் முகம் எப்படித் தெளிவாக இருக்கும்? 14 இன்ச் பெட்டியில் அதே 4 லட்சம் புள்ளி சின்ன இடத்தில் நெருக்கமாக இருந்தது. அதனால் அம்மாவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கடையில் ஓடிய கடலும் கிளியும் 4கே-யிலேயே எடுத்த படங்கள். நம் வீட்டுக்கு அப்படிப்பட்ட படம் வருவதில்லை.

அதனால் முதல் விஷயம்: டிவி பார்க்கப் போவதற்கு முன் உங்கள் செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள வயர் போயிருந்தால், அதில் ஹெச்.டி. படம் வரவே வராது. எவ்வளவு விலை கொடுத்து டிவி வாங்கினாலும் வராது. ஹெச்.டி. பாக்ஸ் வேண்டும், ஹெச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும், அந்தச் சேனலின் ஹெச்.டி. பதிப்புக்குச் சந்தாவும் வேண்டும். சன், விஜய், ஜீ தமிழ் எல்லாவற்றுக்கும் ஹெச்.டி. தனியாக இருக்கிறது, விலையும் தனி. அதற்கு மாதம் எவ்வளவு கூடும் என்று முதலில் உங்கள் கேபிள்காரரிடம் கேளுங்கள். டிவி விலை ஒரு முறை, சந்தா மாதாமாதம். இன்னொன்று: ஒரே சேனலுக்கு எஸ்.டி., ஹெச்.டி. இரண்டுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் இங்கேயே உண்டு. பில்லை எடுத்துப் பார்த்து ஒன்றை நிறுத்துங்கள்.

ஹெச்.டி. சந்தா எடுக்கப் போவதில்லை, சாதாரணச் சேனல்தான் போதும் என்றால், தயவுசெய்து பெரிய டிவி வாங்காதீர்கள். 32 இன்ச் போதும். படம் அதில்தான் நன்றாக இருக்கும்.

இரண்டாவது விஷயம் தூரம். நான் கணக்கு வாத்தியார், அதனால் கணக்குப் போட்டேன். நல்ல கண் உள்ளவருக்குக்கூடக் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 32 இன்ச் ஹெச்.டி. ரெடி டிவியில் அந்தத் தூரம் சுமார் 6 அடி. 43 இன்ச் ஃபுல் ஹெச்.டி. டிவியில் சுமார் ஐந்தரை அடி. அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால், அதே அளவு டிவியில் புள்ளி கூடுதலாக இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 43 இன்ச்சில் 4கே-யின் அருமை தெரிய வேண்டுமென்றால் அந்த ஐந்தரை அடிக்குள் வர வேண்டும். முழுதாகத் தெரிய மூன்றடிக்கு வர வேண்டும். நம் ஹாலில் சோபாவுக்கும் டிவி சுவருக்கும் இடையே ஏழு, எட்டு அடி இருக்கிறது. நான் கொடுத்த கூடுதல் பணத்தில் பாதி, என் கண்ணுக்கே தெரியாத புள்ளிகளுக்குப் போனது. நாளைக்கே ஒரு டேப் எடுத்து உங்கள் ஹாலை அளங்கள். அளந்த பிறகு கடைக்குப் போங்கள்.

பெரிய அளவில் இப்போது 4கே தவிர வேறு கிடைப்பது குறைவு, அது உண்மை. 43 இன்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. 32 இன்ச் வரை 2019-லிருந்தே 18தான். அதனால் "வரி குறைந்தது, விலை குறைத்தோம்" என்று 32 இன்ச்சுக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு மனசு கஷ்டமான விஷயம். டிவி வந்த பிறகு அம்மா டிவி பார்ப்பதையே விட்டுவிட்டார். மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து ஜருகுமலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வயசாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து என் பேத்தி லீவுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. பழைய டிவியில் ஒரு பட்டன் அழுத்தினால் சேனல் வரும். இதில் ஆன் செய்தால் வரிசையாகச் சினிமாப் படங்கள் நிற்கும். எதையாவது அழுத்தினால் பணம் கட்டச் சொல்லும். அம்மா பயந்துபோய் அணைத்துவிடுவார். நான் வாக்கிங் போய்விட்டு வரும்வரை காத்திருப்பார், நான் வந்து நியூஸ் போட்டுவிடுவேன். 27,000 ரூபாய் கொடுத்து வாங்கினாயே என்று என்னிடம் சொல்லவும் அவருக்குக் கூச்சம்.

பேத்தி செட்டிங்ஸில் போய் ஒரு மாற்றம் செய்தாள். ஆன் செய்ததும் நேராக செட்டாப் பாக்ஸுக்குப் போகும்படி வைத்தாள். பல டிவிகளில் இந்த வசதி இருக்கிறது. அதோடு தேவைப்படாத பட்டன்கள் மேல் காகிதம் ஒட்டிவிட்டாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அம்மா தானே சீரியல் போட்டுப் பார்த்தார். அதே வாரம் கேபிள்காரரிடம் சொல்லி ஹெச்.டி. பாக்ஸும் வயரும் மாற்றினேன். படமும் சரியானது.

அதனால் கடைக்குப் போகும்போது, வீட்டில் பகலெல்லாம் டிவி பார்க்கப் போகிறவரை அழைத்துப் போங்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, ஆன் செய்து செட்டாப் பாக்ஸுக்குப் போகச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் அந்த டிவி உங்களுக்கு வேண்டாம். ஸ்மார்ட் வசதி கட்டாயமும் இல்லை. நாலைந்து வருடத்தில் பழைய ஸ்மார்ட் டிவிகளில் ஆப்கள் தடுமாறத் தொடங்கும். அப்போது டிவியை மாற்ற வேண்டியதில்லை. ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகுகிற ஸ்டிக் ஒன்று சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது.

நான்காவது, தவணை. "வட்டியில்லாத் தவணை" என்று பலகை வைக்கிறார்கள். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு கட்டணமாக ஒளிந்திருக்கிறது என்ற கருத்தைச் சொல்லிவிட்டது. செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முழுப் பணம் கொடுத்தால் தள்ளுபடி எவ்வளவு, இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். எனக்கு முழுப் பணத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி போனது. அதுதான் வட்டி. கையில் 16,000 இருந்தால் 16,000-க்குள் வாங்குவது நல்லது.

ஐந்தாவது, சர்வீஸ். ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனிக்குச் சேலத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அவர்கள் பனமரத்துப்பட்டி வரை வருவார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். பேனல் உடைந்தால் வாரன்டி கிடையாது, அதை மாற்றுகிற செலவு புது டிவி விலையை நெருங்கும். பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பில்லும் வாரன்டி அட்டையும் பத்திரம். சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்ச ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கரன்ட் பற்றி ஒரு வார்த்தை. பி.இ.இ. நட்சத்திர லேபிளைப் பாருங்கள். 50 வாட் டிவி தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 15 யூனிட். 90 வாட் என்றால் 27. பெரிய தொகை இல்லை. ஆனால் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு அந்தப் பன்னிரண்டு யூனிட்டும் முக்கியம். தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். கோடை மழையில் இடி இடித்தால் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் வயரையும் கழற்றி வையுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். சுவரில் டிவி மாட்டத் துளை போடுவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய பெட்டி டிவியை மாடிப்படி அடியில் போடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், அல்லது முறையான மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கச் சங்கமே ஒரு நாள் குறிக்கட்டும். என் அம்மாவின் 14 இன்ச் பெட்டியை நானே முதலில் கொண்டு வருகிறேன்.

பொங்கலுக்கு டிவி வாங்குகிறவர்கள் அதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். டேப்போடு வருகிறேன். பாக்ஸின் பின்பக்க வயரைப் பார்ப்போம், ஹாலை அளப்போம். காபி கொடுத்தால் போதும்.