கெர்னல் வைத்திருக்கும் குடும்ப மரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பஸ் என்றதும் வாசலில் நிற்கும் டவுன் பஸ்ஸை நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் கருவிகளை இணைக்கும் பாதைக்கும் அதே பெயர்தான். பிசிஐ, யுஎஸ்பி, ஐ-ஸ்கொயர்-சி என்று பல பஸ்கள் உண்டு. இவற்றையும் இவற்றில் மாட்டிய கருவிகளையும் லினக்ஸ் கெர்னல் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

2001-இல் வந்த 2.4 கெர்னலில் பிசிஐ-க்கு ஒரு பட்டியல், யுஎஸ்பி-க்கு வேறொரு பட்டியல். எது எதன் கீழ் இருக்கிறது என்று மொத்தமாகச் சொல்ல ஓர் இடம் கிடையாது. லேப்டாப்பைத் தூங்க வைக்கும்போது இது பெரிய தலைவலி. யுஎஸ்பி கன்ட்ரோலரை முதலில் நிறுத்திவிட்டால், அதில் மாட்டிய டிஸ்க்கிடம் 'கையில் இருப்பதை எழுதி முடி' என்று சொல்லக்கூட வழியில்லை. பிறகு கரன்ட் போனால் எழுதாத டேட்டாவும் போச்சு!

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இதற்கு விடை கிடைத்தது. பேட்ரிக் மோச்சல் முன்னின்று உருவாக்கிய டிவைஸ் மாடல் அது. பஸ், டிவைஸ், டிரைவர் மூன்றுக்கும் ஒரே பொது அமைப்பு. ஒவ்வொரு டிவைஸும் தன் தாய் யார் என்று குறித்து வைத்திருக்கும். நம் வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகுதானே அம்மா படுக்கிறாள்? காலையில் முதலில் எழுபவளும் அவள்தான். கெர்னலும் அதே வரிசையில்தான் தூங்க வைக்கிறது, எழுப்புகிறது.

சரி, டிவைஸையும் டிரைவரையும் யார் சேர்த்து வைப்பது? பஸ்தான் கல்யாணத் தரகர். பிசிஐ கார்டு, தயாரிப்பாளர் எண், கருவி எண் என்று இரண்டு 16-பிட் எண்களைக் காட்டும். டிரைவரும் 'இந்த எண்கள் எனக்குச் சரி' என்று பட்டியல் தரும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது 'மேட்ச்'. பிறகு டிரைவர் நேரில் வந்து பார்ப்பது 'புரோப்'. ஒத்துவராவிட்டால் மறுத்துவிடலாம், மனஸ்தாபம் கிடையாது! ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் இருக்கும் சென்சாருக்கோ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரியாது. அதனால் எந்த விலாசத்தில் யார் என்று 'டிவைஸ் ட்ரீ' ஃபைலில் முன்கூட்டியே எழுதித் தருகிறார்கள்.

தம்பி தங்கைகளே, இந்த மரத்தை நீங்களே பார்க்கலாம். லினக்ஸ் மெஷினில் 'சிஸ்' டைரக்டரிக்குள் 'பஸ்' என்று இருக்கும். அதில் ஒவ்வொரு பஸ்ஸின் பெயருக்குள்ளும் 'டிவைஸஸ்', 'டிரைவர்ஸ்' என்று இரண்டு. பென்டிரைவைச் செருகுங்கள், புதுப்பெயர் முளைக்கும். எடுங்கள்; மறைந்துவிடும். அந்தப் பெயரின் பாதையைப் பிடித்துக்கொண்டு தாய், பாட்டி என்று மேலே ஏறலாம்.

நாளை வேலைக்குப் போன இடத்தில் ஒரு கருவி மக்கர் செய்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கருவி மரத்தில் இருக்கிறதா? டிரைவர் வந்திருக்கிறதா? இரண்டும் சேர்ந்தனவா? எங்கே 'இல்லை' என்று வருகிறதோ, அங்கிருந்து தேடுங்கள். ராத்திரி முழுக்க கேபிளைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம்.