வேலியே பயிரை மேய்ந்த வரலாறு



தொழிற்சங்கம் ஒன்றின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம். அது நம் நாட்டுச் சங்கமன்று. ஐக்கிய அமெரிக்காவிலே குதிரை வண்டியோட்டிகளுக்காக 1903ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்று, பின்னர் லொறிச் சாரதிகளின் பெருஞ்சங்கமாக வளர்ந்த டீம்ஸ்டர்ஸ் சங்கமே அது.

அச்சங்கம் உழைப்பாளிக்கு யாதும் செய்யவில்லையென்று கூறுவது பொய்யாகும். 1957இல் தலைவரான ஜிம்மி ஹொபா, 1964இல் நாடு முழுவதற்கும் பொதுவான ஒப்பந்தமொன்றை முதலாளிமாரிடமிருந்து பெற்றார். ஏறத்தாழ 4 லட்சம் சாரதிகள் அதனாற் பயனடைந்தனர். லொறி நின்றால் ஆலையும் நிற்கும், கடையும் மூடும். அதுவே அவர்கள் வலிமை.

அவ்வலிமையைப் பாதாள உலகக் கூட்டமும் அறிந்திருந்தது! வேலைநிறுத்தம் வாராதிருக்க முதலாளி இரகசியமாய்ப் பணங் கொடுத்தான். சங்கத் தலைவன் வாங்கினான். குறைந்த கூலிக்குச் சாரதி உழைத்தான். கொடுத்தவனுக்கும் இக்குற்றத்திற் பங்குண்டு என்பதை மறத்தலாகாது. சாரதிகளின் முதுமைக்கென 1955இல் அமைந்த ஓய்வூதிய நிதியோ லாஸ் வேகாஸ் சூதாட்ட மாளிகைகளுக்குக் கடனாகப் பாய்ந்தது.

எதிர்த்தவர் கதி என்ன? நியூ ஜேர்சியின் 560ஆம் கிளையிலே, தலைவர் அந்தோனி புரவென்சானோவுக்குப் போட்டியாக விளங்கிய ஒருவர் 1961இற் காணாமற் போனார். அக்கொலைக்காகப் புரவென்சானோ தண்டிக்கப்பட்டது 1978இலேதான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் அக்கிளையின் அங்கத்தவர் எவ்வளவு அச்சத்தோடு வாய்மூடியிருந்திருப்பர்!

அரசு வாளாவிருந்ததா? இல்லை. 1957இல் செனற் சபைக் குழுவொன்று விசாரணை தொடங்கியது. றொபேட் கெனடி அதன் சட்டத்தரணியாய் நின்று வினாத் தொடுத்தார். அவ்வாண்டே அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனம் டீம்ஸ்டர்ஸை விலக்கியது. 1964இல் யூரரை விலைக்கு வாங்க முயன்றமைக்கும், ஓய்வூதிய நிதி மோசடிக்கும் ஹொபா குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆயினும் 1966இற் கூடிய மாநாடு அவரையே மீண்டும் தலைவராக்கியது! 1967இற் சிறை சென்று, 1971இல் விடுதலையாகி, 1975 யூலை 30இல் மறைந்த அவருடைய உடல்கூட இன்றுவரை அகப்படவில்லை.

தலைவன் சிறை சென்றும் நோய் தீராதது ஏன்? சாதாரண அங்கத்தவனுக்குத் தலைவரைத் தெரிவு செய்யும் வாக்கு இருக்கவில்லை. மாநாட்டுப் பிரதிநிதிகளே தெரிந்தனர்; அவர்களிற் பெரும்பாலார் கிளை அதிகாரிகள். கிளையைப் பிடித்தவன் மாநாட்டைப் பிடித்தான். மாநாட்டைப் பிடித்தவன் சங்கத்தைப் பிடித்தான்.

1988இல் அரசு தொடுத்த வழக்கு இவ்வேரையே தொட்டது. 1989இன் இணக்கத் தீர்ப்பு, நீதிமன்ற மேற்பார்வையையும் அங்கத்தவரின் நேரடி இரகசிய வாக்கையும் கொணர்ந்தது. 1991இல் அவ்வாக்கினால் றொன் கேரி வென்றார். 1997இல் 1,85,000 தொழிலாளர் யூ.பி.எஸ். கம்பனிக்கெதிராக 15 நாள் வேலைநிறுத்தஞ் செய்து வென்றனர். துப்புரவு செய்தால் சங்கம் நலிவுறும் என்றோர் நாணினர். ஆனால், சங்கப் பணம் தேர்தற் செலவுக்குத் திருப்பப்பட்டமையால் கேரி வென்ற 1996ஆம் ஆண்டுத் தேர்தலும் இரத்தாயிற்று. மேற்பார்வை முற்றாக நீங்க 2020ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியதாயிற்று.

அன்பர்களே! சங்கமே வேண்டாமென்று கூறும் முதலாளியின் பேச்சுக்கு நாம் செவிசாய்க்கோம். சங்கமில்லாத உழைப்பாளி வேலியில்லாத பயிர். ஆயினும் வேலியைக் காப்பவர் யார்? கூலி உயர்ந்ததே போதுமென்று கணக்கேட்டைக் கேளாதிருந்த சாரதி, தன் ஓய்வூதியத்தையும் வாக்கையும் பிறர் கையில் விட்டான். கமக்காரர் சங்கமாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், நம் சட்டத்தரணிகளின் சங்கமாயினும், பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள், கணக்கைக் கேளுங்கள், கேட்டவனைத் தனியே விடாதீர்கள். நாம் வேண்டுவது அதுவே.