கறுப்பு என்று சொல்லிச் சிரிக்கலாமா?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



நான்காம் ஆண்டு ஓவிய வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். குடும்பப் படம் வரையச் சொன்னேன். "தோல் கலர் பென்சில் கொடு" என்று பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். அது எந்த நிறம் தெரியுமா? வெளிறிய இளஞ்சிவப்பு! ஒரு மாணவி மட்டும் பழுப்பு நிறம் தீட்டினாள். "கரிச்சட்டிக் குடும்பம்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

"வாயை மூடுங்கள்!" என்று மேசையைத் தட்டினேன். வகுப்பு அடங்கியது. பேச்சு அடங்கவில்லை, திடலுக்குப் போய்விட்டது. மறுவாரம் அந்தப் பிள்ளை, "டான்ஸில் நான் பின் வரிசையிலேயே நிற்கிறேன், சார்" என்றாள். என் தவறு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த பாடத்தில் மூன்று விதிகளைப் பலகையில் எழுதினேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. சொன்ன சொல்லைப் பற்றிப் பேசலாம். சொன்னவனை ஏசக் கூடாது. மனம் நொந்தவருக்கே முதல் வாய்ப்பு. பேச விருப்பமில்லையென்றால் வற்புறுத்தக் கூடாது.

பிறகு எல்லாரும் கையை மேசைமேல் வைத்து, அவரவர் நிறத்தைக் கலந்து தீட்டினார்கள். இரண்டு கைகள்கூட ஒன்றுபோல் இல்லை! தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. உண்டாகும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. வெயிலில் செம்பனைக் குலை வெட்டும் அப்பாவுக்கு அந்த நிறமி இயற்கை பிடித்த குடை என்று விளக்கினேன்.

கேலி செய்த பையன் மெல்ல எழுந்தான். "எங்க பாட்டி என்னை அப்படித்தான் சார் கூப்பிடும்" என்றான். பெற்றோர்களே, சிரித்தவனும் காயம்பட்டவன்தான்!

2021-ஆம் ஆண்டு சுடிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியில் நம் வீராங்கனை கிசோனா தோற்றபோது, ஒருவர் அவரது இனத்தை இழித்துச் சமூக ஊடகத்தில் எழுதினார். 2019 சீ விளையாட்டில் நாட்டுக்குத் தங்கம் கொண்டு வந்தவர் அவர். நாம் கொதித்தோம், மலாய்க்காரரும் சீனரும் சேர்ந்தே கண்டித்தார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால், நம் பக்கத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்களை நாம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

நம் கடைகளில் விற்ற ஒரு பற்பசையின் ஆங்கிலப் பெயர் கறுப்பின மக்களை இழிவு செய்தது. 1989-இல் அதை 'டார்லி' என்று மாற்றினார்கள். கம்பெனிக்காரனே பெயரை மாற்றும்போது, நாம் ஒரு பட்டப்பெயரை விட முடியாதா?

வீட்டில் அப்படிப்பட்ட பேச்சு வந்தால் அதட்டி அடக்காதீர்கள், சிரித்தும் விடாதீர்கள். "ஏன் அப்படிச் சொன்னாய்? உன்னைச் சொன்னால் எப்படியிருக்கும்?" என்று உட்கார்ந்து கேளுங்கள்.

இன்றைய நடனத்தில் ஒவ்வொரு சரணத்துக்கும் வரிசை மாறும். பின்னால் நின்றவர் முன்னால் வருவார். எல்லா வரிசைக்கும் ஒரேபோல் கை தட்டுங்கள்.