வண்டல் நாடு

தஞ்சாவூருக்கு மலை கிடையாது. இரும்பு, செம்பு, தங்கம் எதையும் இந்த மண்ணில் யாரும் வெட்டியெடுத்ததில்லை. வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் படிகக் கல் பொறுக்கி மூக்குக்கண்ணாடிக்குத் தீட்டிய காலம் ஒன்று உண்டு. மேல்மண்ணில் கனிமம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். இந்த நாட்டின் உண்மையான கனிமம் வண்டல். அதுவும் இங்கே பிறந்ததில்லை. குடகு மலையில் புறப்பட்டு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வரும் காவிரி, வழியெல்லாம் கரைத்த மண்ணைக் கடலுக்கு முன்னால் இறக்கிவைத்தது. நெல்லும் அரசும் கோயிலும் குத்துவிளக்கும் அதன்மேல் எழுந்தவை.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடம் பள்ளம். தெற்கே வரும் காவிரி மேடு. தண்ணீரை அதன் போக்கில் விட்டால் அது கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சையின் பாசன வரலாறு முழுவதும் அந்தப் பள்ளத்தோடு நடந்த வழக்கு. கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் கல்லணை அந்த வழக்கில் கிடைத்த முதல் வெற்றி. ஆற்று மணலில் கல்லைப் போட்டால் கல் இறங்கும். இறங்க இறங்க மேலே கல் அடுக்கி, இடையில் களிமண் இட்டு உறுதியாக்கிய கட்டுமானம் அது. அதைப் பார்த்துப் பாடம் கற்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், 1836இல் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். அந்த மேலணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் உடைந்தன. பழைய கல்லணை அசையவில்லை.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி). டெல்டாவில் குழந்தைக்கும் தெரிந்த எண்கள் இவை. அதே ஆண்டில் திறந்த கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்களுக்கும் ஆற்றுப்பாசனம் தந்தது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நெல், அதன்பின் இரண்டாம் போகமாகத் தாளடி. தண்ணீர் தாமதமானால் ஒருபோகச் சம்பா. திறப்பு எப்போது என்பதை மேட்டூர் மட்டும் முடிவுசெய்வதில்லை; மேலே கர்நாடகம் விடும் தண்ணீரும் முடிவுசெய்கிறது. 1924 ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, எல்லாம் கடந்து 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று நிறுத்தியது. அளவு மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் எடுக்கப்படுகிறது. பயிர் கடைமடையில் காய்கிறது.

அரசுகளின் கதைக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயாலய சோழன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பிடித்தான். பின்னால் நாயக்கர், 1670களில் வெங்கோஜியோடு மராத்தியர். 1799இல் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டையையும் சரஸ்வதி மகால் நூலகத்தையும் வைத்துக்கொண்ட இரண்டாம் சரபோஜி, ஆள நாடில்லாத காலத்தில் ஏடுகளைச் சேர்த்தார். நாட்டை இழந்த அரசர்களில் இவ்வளவு பயனுள்ளவர் வேறு ஒருவரைக் காட்டுவது கடினம். அவர் மகன் ஆண் வாரிசின்றி 1855இல் இறந்ததும் அந்த வரிசையும் முடிந்தது. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும் பிறந்தன. நாகையிலிருந்து 2020இல் மயிலாடுதுறை பிரிந்தது.

நடுவே நிற்கிறது 1010இல் முடிந்த பெரிய கோயில். மலையே இல்லாத ஊரில் 200 அடிக்கு மேல் கருங்கல் விமானம். அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. அதன் நிழல் தரையில் விழாது என்று பள்ளிக்கூடம்வரை சொல்லிக்கொடுக்கிறார்கள். வெயில் நாளில் போய்ப் பார்த்தால் தாராளமாக விழுகிறது. உண்மையான வியப்பு சுவரில் வெட்டப்பட்ட கணக்கில் இருக்கிறது. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர், ஊர், தெரு, வீடு வரை பதிந்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கோயிலைக் கட்டிய இராசராச சோழன் எழுதிவைத்தான். அளந்தது ஆடவல்லான் என்ற மரக்காலால். கலையும் நெல்லில் கூலி வாங்கியது.

அந்த நெல்லை விளைவித்தவர்களின் கூலி மட்டும் அந்தச் சுவரில் ஏறவில்லை. மிராசு நிலத்தில் பண்ணையாட்கள் உழைத்தார்கள். 1952இல் அவர்களுக்கென ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. தஞ்சையின் பெருமை பேசும் மேடையில் இதை விட்டுவிட்டால் பேச்சு பாதிதான்.

சின்னங்களில் மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை உண்டு: வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை. தஞ்சைக்கே உரிய பழைய சின்னம் சோழரின் புலி. புலி உலவும் காடு இங்கே இல்லாதது வேறு விஷயம். பெரிய கோயில் 1954இல் வெளிவந்த 1000 ரூபாய் நோட்டில் ஏறியது. 1978இல் அந்த நோட்டு செல்லாததாகிவிட்டது, கோயில் 1987இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அரசு அறிவிக்காத சின்னங்களே இந்த மண்ணின் சொந்தப் பிள்ளைகள். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்க மெழுகு உருவத்தின்மேல் பூசுவது காவிரி வண்டல். செம்பு எங்கிருந்தோ வரும். அதற்கு முகம் கொடுக்கும் அச்சு ஆற்றங்கரையில் கிடைக்கும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் வண்டல் அச்சில்தான் வார்க்கப்படுகிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு ஆச்சா மரமும் வெளியூர்தான். அதை ஊதவைக்கும் சீவாளியோ காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டை. நெட்டி வேலைக்குத் தண்டு ஏரித் தண்ணீரில் வளர்கிறது. இவற்றில் பலவும் புவிசார் குறியீடு பெற்றவை.

வளம் என்று எடுத்தால் முதலில் நெல்லே. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. 1960களில் அங்கிருந்து வந்த ஏடிடீ 27 என்ற நெல் ரகம் டெல்டா வயல்களின் விளைச்சலைத் திருப்பிப்போட்டது. மேட்டுப் பகுதியில் தென்னை; 2018 நவம்பர் 16இல் கஜா புயல் ஒரே இரவில் அதைச் சாய்த்தது. கடலோரம் வேதாரண்யத்தில் உப்பு. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரகப் பயணம் முடிந்த இடம். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரமான வண்டலின் வரவு குறைந்துவருகிறது. அணை தண்ணீரைத் தேக்கும்போது சேற்றையும் தேக்குகிறது. அதனால் புது மண் வயலுக்கு வந்துசேர்வதில்லை. ஆற்றில் கிடந்த மணலும் லாரி ஏறியது. மணல் போன ஆற்றில் நிலத்தடி நீர் இறங்க, கடலோரத்தில் உப்பு உள்ளே வருகிறது.

வண்டலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் பழுப்பு நிலக்கரியும் உண்டு. நரிமணத்தில் 1980களிலிருந்து எண்ணெய் எடுக்கப்படுகிறது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010இல் ஒப்பந்தமானது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30இல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் கிளர்ந்தது. மேலே இருப்பதா, கீழே இருப்பதா என்ற கேள்விக்கு 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் விடை சொன்னது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயின. செம்பு, அலுமினியம், துத்தநாக உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு, புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் ஆகியவற்றுக்கு அங்கே தடை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை.